ஐந்து சாவடி, ஐந்து ஓட்டை

எண்பதுகளின் நடுவில் ஒரு ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் சைக்கிள் பயணம் ஒன்றில் கலந்துகொண்டேன். என்னை அதில் இழுத்துவிட்டவர் பம்பாய் தாராவியில் தோல் பைப் பட்டறை நடத்திய பாய். திருநெல்வேலிக்காரர். எங்கள் அலுவலகத்துக்கு ஆண்டுதோறும் கைப்பைகள் தைத்துத் தருவார். அவர் மனைவி அப்போது பரேலில் ஒரு மருத்துவமனையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். வார்டு வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்த பாய் நேரே என் மேஜைக்கு வந்து, "சார், ஒங்ககிட்ட சைக்கிள் இருக்குல்லா? துணைக்கு வாங்க" என்றார். அவர் சைக்கிள் மிதித்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது.

மாட்டுங்காவில் புறப்பட்டு சயான், செம்பூர் வழியாகத் தேவ்நார் போய்த் திரும்ப வேண்டும். வழியில் நான்கு சாவடிகள், முடிவில் ஒன்று. ஒவ்வொன்றிலும் நம் அட்டையில் முத்திரை குத்துவார்கள். நன்கொடை தருவதாகச் சொன்னவர்கள் முத்திரைக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். பாய்க்கு அந்த முத்திரைகள் வேண்டியிருந்த காரணம் வேறு. முந்தின வாரம் நான் வார்டுக்குப் போயிருந்தேன். இன்னும் மூன்று ஊசி பாக்கியிருந்தது. போதும், வீட்டுக்குப் போகிறேன் என்று அவர் மனைவி பிடிவாதமாக இருந்தார்.

"பாதியில விடாத. நான் சைக்கிள்ல தேவ்நார் போய்ட்டு வாரேன், நீ இந்த ஊசிய முடி" என்றார் பாய்.

"கேட்டியளா அண்ணே? இவுக எந்தக் காரியத்த முடிச்சிருக்காக? செம்பூர் ஸ்டேஷனக் கண்டதும் சைக்கிளப் போட்டுட்டு ரயில்ல ஏறிருவாக."

"அஞ்சு முத்திரையோட வந்தா?"

"வந்தா, நானும் கைய நீட்டுதேன்."

நான் எதையும் முன்கூட்டியே யோசித்துச் செய்கிறவன். ஜூலை மாதம், மழை நிச்சயம். அட்டை நனைந்தால் என்ன ஆவது? பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு இருவர் அட்டைகளையும் தாதர் ஸ்டேஷன் வெளியே இருந்த கடையில் கொடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு லாமினேட் செய்து வாங்கினேன். பாயிடம் கொடுத்தபோது அவருக்கு ஒரே சந்தோஷம். "சார் வேலைன்னா வேலைதான்" என்றார்.

அன்று ஒரு துளி மழை இல்லை.

முதல் சாவடி சயானில். மேஜையில் இருந்த நர்சம்மா முத்திரையை மையில் ஒற்றி என் அட்டையில் அழுத்தினார். எடுத்ததும் மை வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். அதுவும் வழிந்தது. "அரே, யே தோ டிக்தா ஹீ நஹி" என்று மை ஒட்டாததைப் பார்த்து இந்தியில் சொல்லிச் சிரித்தார். பேனாவும் பிளாஸ்டிக்கில் எழுதவில்லை. உறையைப் பிரித்தால் எழுத்தும் சேர்ந்து உரியும். மாற்று அட்டை அவரிடம் கிடையாது. அட்டைகளின் வரிசை எண்களைத் தங்கள் தாளில் குறித்துக்கொள்வதாகவும் நன்கொடைக்கு அதுவே போதும் என்றும் சொன்னார்.

"நன்கொடைக்குப் போதும் அம்மா. வீட்டுல காட்ட என்ன இருக்கு?" என்று அவருக்குப் புரியாத தமிழிலேயே கேட்ட பாய், என் பக்கம் திரும்பினார். "என்ன சார், இப்பிடிப் பண்ணிட்டியளே!"

 பிறகு சீட்டுக்கு அடியில் தொங்கிய பையில் கைவிட்டுத் தோலில் ஓட்டை போடும் இடுக்கியை எடுத்தார். வாடகை சைக்கிளின் சீட் வாரில் கூடுதல் ஓட்டை போட்டு இறுக்கக் கொண்டுவந்தது. நர்சம்மா கையிலேயே அதைக் கொடுத்தார். அவர் இரண்டு அட்டைகளிலும் ஒவ்வொரு ஓட்டை போட்டுத் தந்தார். அடுத்த நான்கு சாவடிகளிலும் அப்படியே.

பதினொன்றே காலுக்குப் பயணம் முடிந்தது. மாலை பார்வையாளர் நேரத்தில் வார்டுக்குப் போனோம். அவர் மனைவி அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முத்திரையெல்லாம் எங்க?"

பாய் நடந்ததைச் சொன்னார்.

"ஓட்ட போடுதது ஒங்க தொழிலு. இடுக்கியும் ஒங்களுது. பட்டறையில ஒக்காந்து போட்டா யாருக்குத் தெரியும்?"

பாய் என்னைப் பார்த்தார். காரியத்தைக் கெடுத்தவன் நான். சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்தேன். நாள் முழுவதும் நேரம் குறித்திருந்தேன். சயான் 7.10-லிருந்து வரிசையாக வாசித்தேன். தேவ்நாரில் பாய் சேற்றில் விழுந்தது, இரண்டு வடா பாவ் சாப்பிட்டது எல்லாம் இருந்தன. பாயின் மனைவி சுவாரசியம் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்ததை வாசிக்கலாமா என்று தயங்கினேன். எழுதியதை விட்டுப் படிக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

"9.50, செம்பூர் ஸ்டேஷன் எதிரில். பாய் இறங்கிவிட்டார். முழங்கால் வலி. டிக்கெட் கவுண்டரைப் பார்த்தபடி நிற்கிறார். 9.59, மறுபடி ஏறினார்."

"அத இன்னொரு தரம் வாசிங்க அண்ணே."

வாசித்தேன்.

"ஒம்பது நிமிசமா நின்னாக?"

"ஒன்பது."

பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மனுசன்னா நிக்கத்தான் செய்வான்" என்று முனகினார்.

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்றார் அவர் மனைவி. அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் டைரியில் ஒரு வரிதான் இருக்கிறது: "மாலை 5.20. பாய் அலுவலகத்துக்கு போன் செய்தார். மனைவி ஊசி போட்டுக்கொண்டாராம். இன்னும் இரண்டு."