சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட இருமல்

கொரோனா வருவதற்கு முந்தைய வருடம், தை மாதம், கோலார் தங்கவயலில் எனக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் வீடு தங்கவயலின் ஊரிகம் பகுதியில், லைன் வீடு.

லைன் வீட்டைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகள். தகரக் கூரை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரையைத் தொடாது. மேலே விட்ட அந்த இடைவெளி வழியாக மீன் குழம்பு வாசனை வரும், புருஷன் பெண்டாட்டி சண்டை வரும், ஜெபம் வரும். பரீட்சைக்கு நான் சத்தம் போட்டுப் படித்தால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டு ஆன்ட்டி, "எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு பாப்பா, அடுத்த பக்கம் திருப்பு" என்பார்.

ஆன்ட்டி வீட்டார் கத்தோலிக்கர்கள், நாங்கள் இந்துக்கள். ஆன்ட்டியின் வீட்டுக்காரரான அங்கிளும் என் அப்பாவும் ஒரே ஷிப்டில், கேஜ் என்கிற ஒரே கூண்டு லிப்டில் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறியவர்கள். சுரங்கத்தை மூடிய பிறகும் அந்தத் தூசி இரண்டு பேர் நெஞ்சிலும் தங்கிவிட்டது. அங்கிள் விடியற்காலையில் எழுந்து இருமினால் லைனே எழுந்துவிடும். "மைன்ஸ் சங்கு நின்னு போச்சு, உங்க அங்கிள் சங்கு மட்டும் நிக்கலையே" என்று ஆன்ட்டியே கிண்டல் செய்வார்.

என் கல்யாணம் அதற்கு முன்பு ஒருமுறை நின்றுபோனது. பத்திரிகை அடித்த பிறகு அப்பா இறந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் குடியாத்தம் பக்கம். நல்லவர்கள்தான், ஒரு வருடம் பொறுத்தார்கள். ஆனால் அவர்கள் சொந்தத்தில் யாரோ, "இன்னொரு தடவ ஏதாவது தடங்கல் வந்தா விட்டுடுவோம்" என்று சொன்னது எங்கள் காதுக்கும் வந்தது. அம்மா அந்த ஒரு வருடமும் பயந்துகொண்டேதான் இருந்தார்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சாவு விழுந்தால், எடுக்கிற வரைக்கும் எந்த வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். நல்ல காரியம் எதுவும் நடக்காது. இதில் யாரும் மதம் பார்த்ததில்லை.

கல்யாணத்தன்று விடிந்தும் விடியாததுமாக எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். வீடியோக்காரர் அதைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. "மேளக்காரன் வரதுக்கு முந்தியே அங்கிள் ஊதிட்டாரு பாருங்கடி" என்றார் பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மா சுவரண்டை போய், "அக்கா, அண்ணனுக்குக் கஞ்சி வெச்சுக் குடுக்கட்டா? நீங்க புடவ கட்டுங்க, வேன் வந்துடும்" என்று குரல் கொடுத்தார்.

"வேணாம்மா, ராத்திரியெல்லாம் முடியல, இப்போதான் கண்ணசந்தாரு. உள்ள வந்துடாதே, எழுந்துக்குவாரு. நான் எங்க வரது, நீங்க கிளம்புங்க."

"இன்னாக்கா, நீங்க இல்லாமலா?"

"போம்மா, நல்ல நேரத்துல நின்னுகினு பேசாதே. போங்க, போங்க."

வேன் கிளம்பும்போது வாசலுக்கு ஆன்ட்டி வரவில்லை. ஜன்னலில் ஒரு கை மட்டும் அசைந்தது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். லைன் முழுக்க மண்டபத்துக்கு வந்துவிட்டது.

தாலி கட்டி, பந்தியெல்லாம் முடிந்த நேரத்தில் அம்மாவுக்கு ஆன்ட்டி போன் செய்தார். தாலி கட்டியாச்சா, மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டார்களா, கடைசிப் பந்தி முடிந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாராம். எல்லாம் ஆச்சு என்று அம்மா சொன்ன பிறகு, "அப்போ வாங்கம்மா. உங்க அண்ணன் போய்ட்டாரு" என்றாராம்.

"ஐயோ, எப்போக்கா?"

"விடியறதுக்கு முந்தியே."

"காலையில இருமுனாரே, நாங்க எல்லாரும் கேட்டோமே!"

"அது நான்தாம்மா."

இருமல் கேட்காவிட்டால் என்னவென்று பார்க்க யாராவது உள்ளே வந்துவிடுவார்கள் என்று, இறந்துகிடந்த புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து ஆன்ட்டி இருமியிருக்கிறார். மணி அடித்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று மாதா கோயிலுக்கும் சொல்லவில்லை. நாங்கள் போன பிறகாவது வாய்விட்டு அழுதாரா, தெரியாது. கேட்பதற்கு லைனில் ஆள் இல்லை.

வேனில் திரும்பும்போதே பெண்கள் தலையிலிருந்த பூவை எடுத்துவிட்டார்களாம். பட்டுப் புடவையோடு சாவு வீட்டில் போய் உட்கார்ந்தார்கள். புதுத்தாலி என்று என்னை மட்டும் அனுப்பவில்லை.

பெங்களூரில் வேலை செய்யும் தன் மகனுக்கும் ஆன்ட்டி மத்தியானம், எங்களுக்குச் சொன்ன பிறகுதான் சொன்னார். "எங்கப்பா செத்தது எனக்கு முன்னாடி கல்யாண மண்டபத்துக்குத் தெரியுதா?" என்று அவர் வாசலிலேயே கத்தியிருக்கிறார். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி. அவர் கோபம் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அங்கிளின் ஏழாம் நாள் பூசைக்குத்தான் போனேன். பூசை முடிந்து அவர் வீட்டில் ஆன்ட்டி கையைப் பிடித்தபடி, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு அழற? உங்கப்பா போனப்பவே ஒரு தடவ நின்னுச்சு. பாப்பா கல்யாணம் வரைக்கும் இழுத்துப் பிடிக்கணும்னுதான் அவரும் சொல்லிகினு இருந்தாரு. அவரால முடியல. மிச்சத்த நான் இருமுனேன், அவ்ளோதான்."

சுவருக்கு எங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து அம்மா, "அக்கா, காபி எடுத்தாரட்டா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

என் மகள் அடிக்கடி கல்யாண வீடியோவைப் போடச் சொல்வாள். அதில் எனக்குத் தலை பின்னுகிறார்கள், இருமல் கேட்கிறது, பெரியம்மா கிண்டல் செய்கிறார், நான் சிரிக்கிறேன். தாலி கட்டும் இடம் வருவதற்கு இன்னும் நேரம் இருக்கும், ஆனால் என் கல்யாணத்தை நடத்திவைத்தது அந்த இருமல்தான் என்று நினைக்கும்போது, ஒவ்வொரு முறையும் என் இரண்டு கைகளும் தானாகக் குவிந்துவிடுகின்றன.