நீல நூல் வந்த நாட்கள்

வைத்தியத் தொழிலில் கும்பிடெல்லாம் டாக்டருக்கு, கேள்வியெல்லாம் கம்பவுண்டருக்கு. யுத்த காலத்தில் திருத்தணியில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டர். வீட்டில் சர்க்கரை நோயாளியை வைத்துக்கொண்டு ஊசியும் புட்டியுமாகக் காலம் தள்ளுகிறவர்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் புரியாது. புரியாமலே அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

கத்திரிக்காய்ப் பாடம்

அம்மையார்குப்பத்து முனிரத்தினம் நெசவுக்காரர். நூலுக்குச் சாயமும் அவரே போடுவார். மனைவி ராஜம்மாவுக்குச் சர்க்கரை. தினம் இரண்டு வேளை இன்சுலின் போடாவிட்டால் ஆள் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் திருத்தணிக்கு வரமுடியுமா? பெட்ரோல் பஞ்சத்தில் ஓடியதோ கரிப்புகையில் ஓடும் கரி பஸ். மேட்டைக் கண்டால் நின்று யோசிக்கும்.

அதனால் ஊசி போட அவருக்கே சொல்லிக்கொடுத்தேன். கத்திரிக்காயில் தண்ணீர் ஏற்றிப் பழகினார். நெசவு செய்த விரல், அரை மணியில் படிந்துவிட்டது. ஆனால் ராஜம்மாவின் கையைப் பிடித்ததும் மனுஷர் ஊசியை என்னிடமே நீட்டிவிட்டார். அவள் சொன்னாள்: “பாவா, என்னையும் கத்திரிக்காய்னே நெனச்சிக் குத்து. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

தறிக்குழியில் புட்டி

இன்சுலினுக்கு வெயில் ஆகாது. ஈர மணல் போட்ட பானையில் புட்டியை வையுங்கள் என்று சொல்லியிருந்தேன். அடுத்த மாதம் போனேன். பானை இருந்த இடம் தறிக்குழி. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற குழி. எந்தச் சித்திரையிலும் சில்லென்றிருக்கும்.

புட்டியைப் பார்க்கக் குழியோரம் உட்கார்ந்தவன் அப்படியே இருந்துவிட்டேன். தறிச் சத்தம் தாலாட்டியது. கண்ணை மூடினால் பாவு நூலின் பச்சையும் அரக்கும் உள்ளே ஓடின. நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோயிற்று. முனிரத்தினம் மிதியை நிறுத்தாமல் சொன்னார்: “தூங்குங்கய்யா. இந்தக் குழியில மருந்தும் தூங்கிக்கினுதான் கீது.”

பஸ்ஸில் வந்த நிறங்கள்

வீட்டில் சர்க்கரை பார்க்க ஒரு நீல மருந்து உண்டு. கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் கொதிக்க வைத்துச் சூட்டோடு பார்க்கவேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், செங்கல் என்று போகப்போக ஆபத்து. நிறத்தைப் பார்த்துத்தான் டாக்டர் இன்சுலினைக் கூட்டுவார், குறைப்பார்.

நிறத்தைச் சொல்லியனுப்புங்கள் என்றேன். சாயக்காரர் விடுவாரா? “பச்சைன்னா எந்தப் பச்சைங்க?” என்று கேட்டார். கண்ட நிறத்திலேயே ஒரு பிடி நூலைத் தோய்த்து, தினமும் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். நான் அவற்றை ஜன்னல் கம்பியில் வரிசையாகக் கட்டினேன்.

காலையில் மலையிலிருந்து மணிச்சத்தம் இறங்கும். காற்றில் நூல்கள் ஆடும். ராஜம்மாவின் நாட்களே அங்கே ஆடுவதுபோல எனக்குத் தோன்றும். கையில் மருந்துக் குழவியோடு மெய்மறந்து நிற்பேன். கண்டக்டர் ஒருநாள் கேட்டே விட்டார்: “இன்னா கம்பவுண்டரே, இது மருந்துக் கடையா, ஜவுளிக் கடையா?”

நீலம்

பிறகு நீலம் வந்தது. மறுநாளும் நீலம். பதினைந்து நாள் நீலம். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்சுலின் கிடைக்காமல் திண்டாடிய காலம் அது. மலைமேல் இருப்பவர் கண்திறந்துவிட்டார் என்று நினைத்தேன். டாக்டரும் அளவைக் குறைத்தார், மறுபடியும் குறைத்தார்.

பதினாறாம் நாள் நீல நூலை நீட்டிய கண்டக்டர், “அந்தம்மா படுத்த படுக்கையாம். குடம் குடமா தண்ணி குடிக்குதாம்” என்றார். மருந்துக் குழவியை அப்படியே போட்டுவிட்டு அதே பஸ்ஸில் ஏறினேன்.

ராஜம்மா தறிக்குப் பக்கத்தில் நாக்கு வறண்டு கிடந்தாள். எதிரிலேயே சோதிக்கச் சொன்னேன். கொதித்ததும் குழாய் செங்கல் காவியாகக் கலங்கியது. “இதுவா நீலம்?” என்று கத்தினேன். முனிரத்தினம் குழாயைச் சுவரில் சாய்த்து, “இருங்கய்யா, இன்னும் தெளியல” என்றார்.

சாயத்தொட்டியில் கசடு அடங்கித் தெளிந்த பிறகுதான் நிறம் பார்ப்பார்களாம். முதலில் நான் சொன்னபடி சூட்டோடு பார்த்தவர், கலங்கலில் நிறம் எடுப்பது தொழிலுக்கே இழுக்கென்று மாற்றிக்கொண்டாராம். காவிப் பொடி அடியில் தங்க, மேலே தெளிந்து நின்ற நீலத்தைத்தான் பதினைந்து நாளும் தோய்த்து அனுப்பியிருக்கிறார்.

பழைய அளவை நானே போட்டேன். டாக்டருக்கு ஆள் அனுப்பி வரவழைத்தேன். மூன்று நாள் அங்கேயே கிடந்தேன். நூலைப் பார்த்தேனே, அவளை ஒரு நடை வந்து பார்த்தேனா? வெட்கமாக இருந்தது. முனிரத்தினம் தறியைத் தொடவில்லை. “என் கையாலயே கொன்னிருப்பனே” என்று அழுதார். மூன்றாம் நாள் சாயங்காலம் ராஜம்மா எழுந்து உட்கார்ந்து, அவர் தோளைத் தொட்டாள். “உடு பாவா. நூலுக்குத்தான் தெளியணும். எனக்குக் கலங்கலே போதும்.”

அதன்பிறகு அவர் கலங்கலிலேயே நிறம் எடுத்தார். வெகுநாள் நீலமே வரவில்லை. பச்சையும் மஞ்சளும் வந்ததற்காகச் சந்தோஷப்பட்ட கம்பவுண்டர் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.