பன்னிரண்டாம் அறையின் சாட்சி

ஒடெஸ்ஸா பிக்கன்ஸ் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடமாக நோயாளிகளைக் கவனிக்கிறாள். படுக்கையில் இருப்பவர்களுக்குத் தபால் வாக்குச்சீட்டு வந்தால், அவர்களை நிமிர்த்தி உட்காரவைத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டு, உறையின் மேல் சாட்சிக் கையெழுத்துப் போடுபவள் அவள்தான்.

அவளோ மூன்று தேர்தலாக ஓட்டே போடவில்லை. வாக்குச்சாவடி காலை ஏழு முதல் மாலை ஏழு வரை. எங்கள் ஷிஃப்டும் அதேதான். நோயாளிக்கும் வெளியூரில் இருப்பவருக்கும் மட்டும்தான் தபால் ஓட்டாம். எந்தப் புண்ணியவான் எழுதிய சட்டமோ!

போன பிப்ரவரியில் அதைத் திருத்தலாமா என்று மாநிலத் தலைநகரில் சட்டமன்றக் குழுவினர் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அதுவும் வேலைநாளில், காலை பத்து மணிக்கு! ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம்.

"ஒரு வாரம் முன்னாடியே சாவடியைத் திறங்க சார். இல்லேன்னா எங்களுக்கும் தபால் ஓட்டு குடுங்க," என்றாள் ஒடெஸ்ஸா.

குழுவில் இருந்த எங்கள் தொகுதி உறுப்பினர் ஹார்லன் க்ரெப்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு வருஷத்துக்கு ஒரு நாள்தானேம்மா, அதுக்குக்கூட நேரம் ஒதுக்க முடியாதா? தபால்னா யார் கையெழுத்தை நம்புறது?"

ஒடெஸ்ஸா மைக்கை இழுத்துக்கொண்டாள்.

"பன்னிரண்டாம் நம்பர் ரூம்ல இருக்கிற உங்க அம்மாவோட ஓட்டுக்கு யார் சாட்சின்னு கேட்டுப் பாருங்க சார். ஆறு வருஷமா என் கையெழுத்தைத்தான் நம்புறீங்க. தேர்தல் அன்னிக்கு நான் நேரம் ஒதுக்கிட்டுச் சாவடிக்குக் கிளம்பியிருந்தா, அவங்களுக்கு சூப் ஊட்ட நீங்களா வந்திருப்பீங்க?"