படத்தில் நின்ற பெண்களின் சேலை

கிளிப்பச்சை நிறம், அகலமான சரிகைக் கரை. பொலித்தீன் உறையில் இருந்த அந்தச் சேலை நுழைவுச்சீட்டு மேசையில் கிடந்தது. அந்தக் காலத்துக் கொழுந்து பறிக்கும் பெண்களைப்போல் வழிகாட்டிகளான நாங்கள் இனி உடுத்த வேண்டும் என்று சொல்லி, மாதிரிக்காக மேனேஜர் அதை வைத்துவிட்டுப் போயிருந்தார். என்னோடு வேலை செய்த ராத்தா உறையைப் பிரித்து, கரையை விரல்களுக்கிடையில் வைத்து நிரடிப் பார்த்தார்.

"தங்கச்சி, இதக் கட்டிக்கிட்டு மலையேறினது யாராம்?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். ராத்தாவின் குணமே அதுதான்.

எல்கடுவைப் பக்கம், மூடிக் கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை அருங்காட்சியகமாக மாற்றியபோது நாங்கள் இருவரும் ஒன்றாக வழிகாட்டிகளாகச் சேர்ந்தோம். அவர் மாத்தளை டவுன்காரர். கார்மண்ட் பெக்டரியில் பல வருடங்கள் உடுப்புத் தைத்தவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால், அவர்கள் வீட்டில் அக்காவைக் கூப்பிடுவதுபோல நானும் ராத்தா என்றே கூப்பிட்டேன். நான் அந்த மலையிலேயே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா அப்போதும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்.

உடுப்பை நாங்களே தைத்துக்கொள்கிறோம் என்று ராத்தா கேட்டதற்கு, கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் உள்ளபடி இருந்தால் சரி என்றார் மேனேஜர். வெள்ளைக்காரர் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் அது. கூடை மாட்டிய பெண்கள் வரிசையாக நிற்பார்கள். அதன்பின் ஓய்வு கிடைத்த போதெல்லாம் ராத்தா ஸ்டூலில் ஏறி, போன் வெளிச்சத்தில் அந்தப் படத்தைத் துழாவினார். ரவிக்கையின் கை எங்கே ஒட்டுகிறது? முன்பக்கம் பொத்தானா, முடிச்சா? சேலை என்ன நிறம்? "கறுப்புன்னு நெனைக்கிறோம். சிவப்பும் இதுல கறுப்பாத்தானே விழும்" என்று தனக்குத்தானே பேசிக்கொள்வார். நான் அந்தப் படத்தைத் தினமும் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டியவள்தான். அந்தப் பெண்களுக்கு முழங்கை இருந்ததையே அவர் தேடத் தொடங்கிய பிறகுதான் பார்த்தேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மாவின் முகம் மாறிவிட்டது. "நீ இந்தக் கூடையத் தூக்கக் கூடாதுன்னுதான் படிக்க வச்சேன். இப்ப வேஷத்துக்குத் தூக்கப் போறியா? நாங்க நனையிறது ஒங்களுக்குக் கூத்தா?" சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழுந்து போனார். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட அன்று யோசித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்தா பஸ் ஏறி எங்கள் லயத்துக்கே வந்துவிட்டார். அம்மாவைச் சமாதானப்படுத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டார்.

"அக்கா, கம்பளிய மடிச்சுத் தலையில போட்டா, கூடைக் கயிறு அதுக்கு மேலயா வரும், கீழயா?"

அம்மா கோப்பையை எடுத்துக் கழுவி வைத்தார். பிறகு, "கீழ போனா மண்டை அறுந்துரும்ல?" என்றார். ராத்தா போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினார். அதில் கயிறு கம்பளிக்குக் கீழேதான் போனது. அம்மா கட்டிலில் கிடந்த போர்வையை உருவி மடித்துத் தலையில் போட்டுப் பார்த்தார். படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தார். "அப்ப இவங்க எப்புடித்தான் பறிச்சாங்க?" கோபம் போன இடம் தெரியவில்லை. அந்தக் கேள்வி இப்போது அவருக்கும் தொற்றிக்கொண்டது.

ராத்தா தைத்து முடித்த முதல் உடுப்பை நான்தான் போட்டுக்கொண்டேன். தடித்த பருத்திச் சேலை, தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து மங்கலாக்கியது. முன்னால் முடிச்சுப் போடும் ரவிக்கை. படத்தில் இருந்த ஒவ்வொரு மடிப்பும் அதில் இருந்தது. இதோடு பறித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அம்மா சொல்ல, மூவரும் மலைக்குப் போனோம். கூடையை மாட்டிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் இறங்கினேன். ஒரு நிரை முடிவதற்குள் செடியின் கிளை வாதுகள் தொடைப் பக்கம் சேலையைக் கிழித்துவிட்டன. ஈரம் முழங்கால்வரை ஏறிவிட்டது. அடிவைக்க முடியாமல் நான் நின்றதைப் பார்த்து அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் இடுப்பில் வழக்கம்போலப் படங்கு இருந்தது. செடி கிழிக்காமலிருக்கச் சேலைக்கு மேலே சுற்றிக் கட்டும் தடித்த விரிப்பு. படத்தில் நின்ற யாருடைய இடுப்பிலும் அப்படி எதுவும் இல்லை.

ராத்தா கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "இது வேலைக்குப் போற உடுப்பு இல்ல. படம் புடிக்க உடுத்தின உடுப்பு."

கஷ்டப்பட்டுத் தைத்தது வீணாயிற்றே என்று நான் வருந்தினேன். அவரோ புதையல் கிடைத்ததுபோல முகம் மலர்ந்து நின்றார். கிழிசலைத் தைக்க விடவில்லை. மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னார். கிழிந்த சேலையோடு யார் நிற்பது என்று அவர் சத்தம் போட்டார். "ஒரு வாரம் விட்டுப் பாருங்க சேர்" என்றார் ராத்தா. வந்தவர்கள் எல்லாரும் முதலில் கிழிசலைப் பற்றித்தான் கேட்டார்கள். பிறகு படத்தின் முன் வெகுநேரம் நின்றார்கள். "வேலைக்கு என்ன உடுத்தினாங்கன்னு எங்களுக்கு முழுசாத் தெரியாது, தேடிக்கிட்டிருக்கோம்" என்று ராத்தா சிங்களத்திலும் தமிழிலும் தெரிந்த ஆங்கிலத்திலும் சொல்வார். மேனேஜர் பச்சைச் சேலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மகளுக்குக் கலேவெலயில் கல்யாணமானதும் ராத்தா அங்கேயே போய்விட்டார். இப்போது நான் தனியாகத்தான் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். பாவம், படத்துப் பெண்களை யாரோ ஒரு தோட்டத் துரை கட்டாயப்படுத்தி உடுத்தவைத்து நிறுத்தியிருப்பான் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மா சில நாட்களில் எனக்குச் சோறு கொண்டுவருவார். போன மாதம் அப்படி வந்தபோது, கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் அவரோடு படம் எடுக்கக் கேட்டது. படங்கும் கூடையுமாக நின்றால் நல்லது என்று அவர்கள் காட்சிக்கு இருந்தவற்றை எடுத்தும் வைத்துவிட்டார்கள். அம்மா அவற்றைப் பார்த்தார். "கொஞ்சம் இருங்க" என்று லயத்துக்கு இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது தீபாவளிக்கு எடுத்த ஊதாச் சேலை உடுத்தியிருந்தார். தலை வாரி, பொட்டு வைத்திருந்தார். கூடையை மட்டும் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். படங்கைத் தொடவில்லை. அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

மாலையில் ராத்தாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

"அப்ப அந்தப் பொம்பளைங்களும் ஆசப்பட்டுத்தான் உடுத்தினாங்களோ?" என்றார். பிறகு அவசரமாக, "தங்கச்சி, அவங்க மொகத்த இன்னொருக்காப் பாத்துட்டுச் சொல்லு" என்றார்.

பூட்டிய கூடத்தை மறுபடி திறந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறினேன்.