தொட்டியம் வரை ஒரு டெஸ்ட் டிரைவ்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வந்ததும் தெரியவில்லை, நின்றதும் தெரியவில்லை. காலிங் பெல் அடித்த பிறகுதான் எட்டிப் பார்த்தேன். வெள்ளை நிறத்தில் குட்டியாக ஒன்று. எலெக்ட்ரிக் கார்.

பக்கத்தில் ஃபைலும் கையுமாக நிலோஃபர். ஷோரூமின் சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ். காட்டூரிலிருந்து காலையில் கிளம்பி, ஷோரூமில் வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். "சார், டெஸ்ட் டிரைவ் கேட்டிருந்தீங்கல்ல? மேடமும் வருவாங்களா?"

வராமலா? அவளுக்காகத்தானே இந்த வண்டியையே வரச் சொன்னது!

விஷயம் இதுதான். என் மனைவி புவனாவுக்குக் காரில் ஏறினால் வாந்தி வரும். கார் மட்டுமா... பஸ், வேன், ஆட்டோ, எதுவும் ஆகாது. கல்யாணமாகி முப்பது வருஷமாக நாங்களும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டோம். எலுமிச்சம்பழம், இஞ்சி மரப்பா, மாத்திரை. வெறும் வயிற்றோடு ஒரு தடவை, சாப்பிட்டுவிட்டு ஒரு தடவை. முன் சீட், பின் சீட், ஜன்னல் சீட். நியூஸ் பேப்பரை விரித்து அதன் மேல் உட்கார்ந்தால் வராது என்று யாரோ சொன்னார்கள். நான் வாராவாரம் எழுதும் பத்தி வந்த பேப்பரையே விரித்து உட்கார்ந்தாள். சமயபுரம் தாண்டுவதற்குள் வந்துவிட்டது. பத்தியின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

சரி, போகாமல் இருந்துவிட்டால் போயிற்று என்கிறீர்களா? அப்படித்தான் பல வருஷம் ஓட்டினோம். ஆனால் அவளுடைய அக்கா தனம் தொட்டியத்தில் இருக்கிறார். இவளைத் தூக்கி வளர்த்த அக்கா. பங்குனியில் அவருக்குத் திருச்சியில் மூட்டு ஆபரேஷன் நடந்தது. அதுவரை சரி... புவனா தன் ஸ்கூட்டியில் தினம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். டிஸ்சார்ஜ் ஆகி அக்கா ஊருக்குப் போன பிறகுதான் பிரச்சினை. தொட்டியம் ஐம்பது கிலோமீட்டர். அவ்வளவு தூரம் ஸ்கூட்டியில் போனால் இவள் முதுகு தாங்காது.

தினம் சாயங்காலம் வீடியோ காலில் அக்கா சொல்வார்: "நீ வராதடி. வந்தா வாந்தியெடுத்துட்டு அரைநாள் படுத்துக்குவ. இப்ப என்னையவே ஒரு ஆள் பாத்துக்க வேண்டியிருக்கு. உன்னைய யாரு பாக்கறது?"

விளையாட்டாகத்தான் சொல்வார். இவளும் சிரிப்பாள். போனை வைத்ததும் கிச்சனுக்குள் போய், ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடி தேய்ப்பாள். நான் டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வேன். வேறு என்ன செய்ய?

அப்போதுதான் வாக்கிங் வரும் நண்பர் ஒருவர் சொன்னார்: "எலெக்ட்ரிக் கார் எடுங்க சார். புகை இல்ல, வாடை இல்ல, உதறல் இல்ல. வீட்டு சோபால உட்கார்ந்த மாதிரி இருக்கும். வாந்தியாவது ஒண்ணாவது!" எங்களுடைய பழைய டீசல் கார், ஸ்டார்ட் பண்ணினால் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கும். வாடையோ கேட்கவே வேண்டாம். அதனால் நண்பர் சொன்னது எனக்கு வேதவாக்காகப் பட்டது. அன்றைக்கே ஷோரூமுக்குப் போன் போட்டுவிட்டேன்.

டிரைவர் சீட்டில் நான். பக்கத்தில் புவனா, கையில் பாலிதீன் கவரோடு. பின்னால் நிலோஃபர்.

"ஸ்டார்ட் பண்ணுங்க சார்."

பட்டனை அமுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அமுக்கினேன்.

"சார், சார்... முதல்லயே ஸ்டார்ட் ஆயிடுச்சு. இப்ப நீங்க ஆஃப் பண்ணிட்டீங்க."

ஆரம்பமே இப்படி! ஆனால் கிளம்பிய பிறகு... அடடா. வழுக்கிக்கொண்டு போகிறது. உத்திர வீதித் திருப்பத்தில் படுத்திருந்த மாடு எங்களைச் சட்டைகூடப் பண்ணவில்லை. டீசல் கார் வந்தால் தெரு முனையிலிருக்கும்போதே எழுந்து ஒதுங்குகிற மாடு அது. ஹார்ன் அடித்த பிறகுதான் ஒரு வண்டி நிற்கிறது என்பதையே ஒப்புக்கொண்டது.

கியர் இல்லை, கிளட்ச் இல்லை. என் இடது கால் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. ஏ.சி. போட்ட மாத்திரத்தில் சில்லென்றது. காவிரிப் பாலத்தில் லேசாக ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். முன்னால் போன டவுன் பஸ் பின்னால் இருந்தது. நம் கைக்கு எட்டுகிற விலையில் விற்கிற வண்டிக்கு இப்படி ஒரு பிக்-அப்பா? எனக்கு வயதில் பாதி குறைந்த மாதிரி இருந்தது.

"காலை எடுத்தாலே வண்டி தானா ஸ்லோ ஆகும் சார். பிரேக் அவ்வளவா தேவைப்படாது. அந்த வேகம் திரும்ப கரன்ட்டா பேட்டரிக்குப் போயிடும்" என்றார் நிலோஃபர்.

பிரமாதம் என்றேன். ஆனால் என் காலுக்கு அது தெரிய வேண்டாமா? இத்தனை வருஷமாக டீசல் காரை மிதித்துப் பழகிய கால். சத்திரம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் மிதிப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். எடுக்கும்போதெல்லாம் வண்டி ஒரு இழுப்பு இழுத்தது. மிதித்தால் ஒரு பாய்ச்சல். அங்கே சுற்றிக்கொண்டு மறுபடி பாலம் ஏறி வரும்போதுதான் கவனித்தேன். புவனாவிடமிருந்து பேச்சே இல்லை.

அவள் பேச்சை நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மாம்பழச்சாலை வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "நிறுத்துங்க" என்றாள்.

ஓரமாக நிறுத்தினேன். கவருக்கு வேலை வந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதுதான் கடைசி நம்பிக்கை என்று இருந்தேன். டீசல் காரிலாவது சமயபுரம் பக்கம் வரை தாங்குவாள். இதில் ஏழு கிலோமீட்டர்கூட ஆகவில்லை.

நிலோஃபருக்கும் முகம் செத்துவிட்டது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "ஸாரி மேடம், அந்த இழுப்பைக் குறைச்சு வெச்சுக்கலாம். நான்தான் முதல்லயே மாத்தியிருக்கணும்..."

புவனா வாயைக் கொப்பளித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, காரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்றாவி, இதை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்க என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏம்மா, இதுல கிளட்ச் இல்லையா?"

"இல்ல மேடம்."

"கியரு?"

"அதுவும் இல்ல. முன்னாடி போறதுக்கு ஒண்ணு, ரிவர்ஸுக்கு ஒண்ணு. திருகி விட்டா போதும்."

"அப்ப என் ஸ்கூட்டி மாதிரிதானே?"

"கிட்டத்தட்ட அதேதான் மேடம்."

இப்போது என் பக்கம் திரும்பினாள். "ஏங்க... ஸ்கூட்டில போறப்ப எனக்கு என்னிக்காவது குமட்டியிருக்கா?"

யோசித்தேன். காந்தி மார்க்கெட்டுக்கு லாரிப் புகையில் போவாள். தில்லைநகருக்கு உச்சி வெயிலில் போவாள். மேட்டிலும் பள்ளத்திலும் போவாள். ஒரு நாளும் இல்லை!

"உங்க பைக்குல பின்னாடி உட்கார்ந்தா மட்டும்தான் வரும். அப்ப நான் ஓட்டினா வராது. தள்ளுங்க."

ரோட்டோரத்தில் நின்றுகொண்டு நான் திருதிருவென்று முழித்தேன். எத்தனை டாக்டர், எத்தனை வைத்தியம்! காரில் எல்லா சீட்டிலும் இவளை உட்கார வைத்துப் பார்த்தோமே... அந்த ஒரு சீட்டு மட்டும் எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் படவே இல்லையே? அது என் சீட்டு. அவ்வளவுதான் காரணம்.

"லைசென்ஸ் வேணுமே மேடம்" என்றார் நிலோஃபர் தயங்கி.

கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். ஸ்கூட்டிக்கு லைசென்ஸ் எடுத்தபோது, டிரைவிங் ஸ்கூல்காரர் சொன்னார் என்று காருக்கும் சேர்த்துப் படித்து, எட்டுப் போட்டு வாங்கியது. அதன் பிறகு எங்கள் டீசல் காரின் கிளட்ச்சை ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, கால் சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். அதோடு அந்த லைசென்ஸ் தூங்கப் போய்விட்டது.

நிலோஃபர் ஏதோ செட்டிங்கை மாற்றிக் கொடுத்தார். முதலில் காலியாக இருந்த பக்கத்துத் தெருவில் மூன்று சுற்று. பிறகு மெயின் ரோடு. நான் இடது பக்கத்து சீட்டில்.

அவள் காலை வெடுக்கென்று எடுக்கவில்லை. ஸ்கூட்டியில் ஆக்ஸிலேட்டரைத் திருகுகிற மாதிரியே, கொஞ்சம் கொஞ்சமாக மிதித்தாள், கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். வண்டியும் சொன்னபடி கேட்டது. நான்தான் கால்மிதியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தேன்.

"பாத்து... பாத்து... ஷேர் ஆட்டோ..."

"எனக்கும் கண்ணு இருக்கு. கொஞ்சம் சும்மா வரீங்களா?"

பின் சீட்டில் நிலோஃபர் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது. சத்தமில்லாத வண்டியில் இது ஒரு சங்கடம்.

திருவானைக்கோவில் வந்தது. "லெஃப்ட் எடுத்தா ஸ்ரீரங்கம் மேடம்" என்றார் நிலோஃபர். மேடம் எடுக்கவில்லை. நேராகக் கொள்ளிடம் பாலத்தில் ஏறினாள்.

"மேடம்... யு-டர்ன்..."

"ஃபுல் சார்ஜுல எவ்வளவு தூரம் போகும்னு சொன்னீங்க?"

"ஏ.சி. போட்டாலும் இருநூறு தாண்டும் மேடம்."

"தொட்டியம் போயிட்டு வர நூறுதான்."

நிலோஃபர் முன்னால் எட்டி, "மேடம், டெஸ்ட் டிரைவ் பத்து கிலோமீட்டர்தான். மேனேஜர் என்னைக் கொன்னுடுவாரு" என்றார். குரலில் நிஜமாகவே பயம் இருந்தது.

"எங்க அக்காவைப் பார்த்து மூணு மாசம் ஆச்சும்மா" என்றாள் புவனா. அவ்வளவுதான் சொன்னாள்.

டோல்கேட்டில் வண்டி இடது பக்கம் திரும்பி முசிறி ரோட்டைப் பிடித்தது. நிலோஃபர் போனை எடுத்தார். அந்தப் பக்கம் மேனேஜர் போட்ட கூப்பாடு எனக்கே கேட்டது. "இல்ல சார்... ஃபேமிலி டிரைவ் சார்... கஸ்டமர் கன்ஃபார்ம் சார்..." என்று சொல்லிக்கொண்டே, கண்ணாடியில் என்னைப் பார்த்தார். மாசக் கடைசி, டார்கெட் இருக்கும். நான் தலையைப் பலமாக ஆட்டினேன். "புக்கிங் இன்னிக்கே சார்!" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். எனக்கும் அவருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வந்தது.

குறையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் பாடு திண்டாட்டம்தான். டாஷ்போர்டு பிளாஸ்டிக், டிபன் பாக்ஸ் மூடி ரகம். டிக்கியில் வாழைத்தார் வைத்தால் இரண்டு, மீறினால் மூன்று. பள்ளத்தில் இறங்கினால் கொஞ்சம் தூக்கிப் போடுகிறது. ஆனால் இந்தக் குறையெல்லாம் நான் கவனித்துக்கொண்டு வந்தவை. ஓட்டுகிறவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

குணசீலம் தாண்டியபோது, "ஏங்க, இந்த ரோட்டுல இவ்வளவு வாழையா?" என்று கேட்டாள்.

விளையாடுகிறாளா என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகத்தான் கேட்கிறாள். அக்காவைக் கட்டிக் கொடுத்த ஊருக்குப் போகும் ரோடு. எத்தனை தடவை வந்திருக்கிறாள்! வந்ததெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தலையை ஜன்னலில் சாய்த்துக்கொண்டு. "அட, ஆத்துல தண்ணி போகுது பாருங்க... இந்தக் கோயிலு எப்ப கட்டினாங்க? முசிறி இவ்வளவு பெரிய ஊரா?" நான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதோ தூசு என்று சமாளித்தேன்.

தொட்டியத்தில் அக்கா வீட்டு வாசலில் வண்டி நின்றது. வழக்கம்போல அது வந்தது யாருக்கும் தெரியவில்லை. நான் போய்க் கதவைத் தட்டினேன். தனம் அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார்.

"வாங்க மாப்ள, என்ன திடீர்னு? அவ எங்க? கூட்டிட்டு வந்தீங்களா?" என்றவர், பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய் யாரு அங்க, பாயை விரிங்க! ஃபேனைப் போடுங்க! ஒரு சொம்பு தண்ணி கொண்டாங்க!" தங்கச்சி வந்தால் அந்த வீட்டில் நடக்கிற வழக்கமான ஏற்பாடு. நேராகப் போய்ப் படுக்க வேண்டும், சாயங்காலம் ஒரு வாய் ரசம் சாதம். அவ்வளவுதான் அவளுக்கு அக்கா வீட்டு விருந்து.

டிரைவர் பக்கத்துக் கதவு திறந்தது. புவனா இறங்கினாள். சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டு நடந்து வந்து, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா அவள் முகத்தைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மறுபடி அவள் முகத்தைப் பார்த்தார்.

"அக்கா, பசிக்குது" என்றாள் புவனா. "என்ன குழம்பு வெச்சிருக்க?"

அக்கா வாக்கரை விட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டார். விழுந்துவிடப் போகிறாரே என்று நானும் நிலோஃபரும் பதறிப் போய்ப் பிடித்துக்கொண்டோம். நிலோஃபர் கண்ணும் கலங்கியிருந்தது. டார்கெட் மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன்.

கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, வாழைப்பூப் பொரியல், அப்பளம். மூன்று தடவை சோறு வாங்கினாள். அக்கா எதிரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ரேஞ்ச் எவ்வளவு, சார்ஜ் ஏற எத்தனை மணி நேரம், பேட்டரிக்கு வாரன்ட்டி எவ்வளவு என்றெல்லாம் கேட்டு தயவுசெய்து எனக்கு எழுதாதீர்கள். தங்கச்சி அக்கா வீட்டில் வயிறாரச் சாப்பிட்டாள் — இந்த வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்த ஃபீச்சர் அது ஒன்றுதான்.