ஆட்டம் தொடங்குமுன் தொண்ணூற்றேழு கோல்

எவரிஸ்தோவுக்கு ஒரே ஒரு பலவீனம்: தன் பெயரை எங்காவது பார்த்துவிட வேண்டும். வாஷிங் மெஷின் பழுதுபார்த்தால்கூட அதன் முதுகில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார். இப்படிப்பட்ட ஆளிடம்தான் சாந்தா ஃபே நகரத்துப் பக்கத்துக் கால்பந்து கிளப் ஒன்று, கோல் காட்டும் மின்பலகை செய்யும் வேலையை ஒப்படைத்தது.

சி என்ற கணினி மொழியில் நிரலை எழுதி முடித்தார். ஆட்டம் முடிந்ததும் பலகையில் ‘தயாரிப்பு: எவரிஸ்தோ’ என்று ஓட வேண்டும், அந்தச் சின்ன சிப்பில் அதற்கு மட்டும் இடமில்லை. எதைக் கழிக்கலாம் என்று துழாவியபோது, தாம் எழுதாத துண்டு ஒன்று கண்ணில் பட்டது. மெயின் என்ற பகுதியில்தான் நிரல் தொடங்குகிறது என்று அத்தனை காலமும் நம்பியிருந்தவர் அவர். நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் என்ற மென்பொருளோ அதற்கும் முன்னால் சத்தமில்லாமல் இதை ஒட்டி அனுப்பியிருந்தது.

"என்னைக் கேக்காம என் வீட்டுக்குள்ள எவன்டா இவன்?" என்று கழற்றி எறிந்தார். நேரே மெயினுக்குப் போகும்படி ஒரு வரி எழுதினார். பெயர் ஜம்மென்று ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரோடு ஆட்டம். மைதானத்தில் பலகையை மாட்டி மின்சாரம் கொடுத்தார்கள். உள்ளூர் 3, வெளியூர் 97.

வெளியூர்க்காரர்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். "ஜெயிச்சாச்சு! வாங்கடா, சோரிபான் ரொட்டி சாப்ட்டு வீட்டுக்குப் போவோம்!"

நடுவர் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பூஜ்யம் வரட்டும். இல்லன்னா இதைக் கழட்டி ஓரமா வைங்க."

எவரிஸ்தோவுக்கு அப்போதுதான் உறைத்தது: மின்சாரம் வந்ததும் நினைவகத்தில் கிடக்கும் குப்பை எண்களைத் துடைத்துப் பூஜ்யமாக்கி, பிறகு மெயினைக் கூப்பிடுவதுதான் அந்தத் துண்டின் வேலை. வீட்டில் மின்சாரத்தை நிறுத்தாமலே சோதித்ததால் பழைய பூஜ்யங்கள் அப்படியே இருந்து மானத்தைக் காப்பாற்றியிருந்தன. துண்டை மறுபடி சேர்த்தால் பெயருக்கு இடமில்லை. மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்தார்.

மனைவி நெலிதா, மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குவளையை நீட்டினாள். "என்னய்யா யோசனை? பேரைத் தூக்கு."

"அடிப்பாவி, அது என் பேருடி!"

"தொண்ணூத்தேழு கோலுக்குக் கீழ ஓடினா மட்டும் பெருமையா?"

தூக்கினார். துண்டைப் பழைய இடத்திலேயே ஒட்டினார். 0–0 வந்தது, ஆட்டம் தொடங்கியது.

பலகை ஒரு கோலைக்கூடத் தவறவிடவில்லை. ஆறு கோல், ஆறும் வெளியூர் போட்டது. நெடுஞ்சாலையில் போன லாரிக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு ஹாரன் அடித்துக் கேலி செய்தார்கள். ஆட்டம் முடிந்ததும் வெளியூர்க்காரர்கள் மொத்தமாகப் பலகையடிக்கு வந்து படம் பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன அழகா காட்டுதுங்க! பேரே போடலியே, செஞ்சது யாருங்க?"

வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் வாய்விட்டுக் கேட்கிறார். எவரிஸ்தோ சுற்றுமுற்றும் பார்த்தார். உள்ளூர்க்காரர்கள் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"தெரியலீங்க," என்றார். "கம்பைலர்னு யாரோ ஒருத்தராம்."