வாசிக்காமல் வாங்கிய கையெழுத்து

மூன்று வருஷத்துக்கு முன், ஆனிச் சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை அது. பூதப்பாண்டிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையில் இருக்கும் எங்கள் சின்னப் பேரூராட்சியில் நடந்தது. ஊர்ப்பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எந்த மனுவாக இருந்தாலும் என்னிடம்தான் எழுதச் சொல்லி வருவார்கள். "டீச்சர் எழுதினாத்தான் ஆபீசுல மரியாதை" என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

எங்கள் தெருக்கோடியில் பேரூராட்சிக்குச் சொந்தமான காலி நிலம் ஒன்று உண்டு. அதில் வீடில்லாதவர்களுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் தெருவே கொதித்துப்போனது. மழைத்தண்ணீர் அந்த நிலத்தின் ஓரத்து ஓடை வழியாகத்தான் குளத்துக்குப் போகும். கட்டடம் வந்து ஓடை அடைபட்டால் எங்கள் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும். அந்தப் பயம் நியாயமானது, இன்றைக்கும் சொல்வேன். ஆனால் நாங்கள் கூடிப் பேசியபோது அதோடு நிற்கவில்லை. எங்கிருந்தோ ஆட்களைக் கொண்டுவந்து இறக்கப்போகிறார்கள், தெருவின் மதிப்பே போய்விடும் என்றெல்லாம் பேசினோம். நானும் தலையாட்டினேன்.

முதலில் நான் எழுதிய மனுவில், ஓடையை அகலப்படுத்திக் கரைகட்டிவிட்டு வீடுகளைக் கட்டுங்கள் என்றுதான் இருந்தது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இருக்கிறார். வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இப்படிக் கெஞ்சினா நாளைக்கே கல்லு கொண்டு இறக்கிருவான் டீச்சர். திட்டமே வேண்டாம்னு எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினேன். 'இத்திட்டத்தை முற்றிலும் கைவிட வேண்டுகிறோம்.' எழுதி முடித்ததும் வாக்கியம் கச்சிதமாக விழுந்திருக்கிறதே என்று ரசிக்கவும் செய்தேன். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

கையெழுத்துகள் போதவில்லை என்றார்கள். அன்றைக்குப் பார்த்து எங்கள் வீட்டில் தேங்காய் வெட்டு. நாற்பது நாளைக்கு ஒருமுறை வந்து தெருவில் எல்லா வீட்டுத் தென்னையிலும் ஏறும் அண்ணன், மரத்திலிருந்து இறங்கித் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டால் மேலைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாசனக் கால்வாயை எங்கள் பக்கம் சானல் என்போம். அந்தச் சானல்கரைப் புறம்போக்கில் தகரக்கூரை போட்டுப் பத்துப் பதினைந்து குடும்பங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று அவருடையது.

"அண்ணாச்சி, தெருக்கோடி ஓடை அடைபட்டுப் போகாம இருக்க ஒரு மனு. ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

அவருக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அதற்கு மேல் வாசிக்க வராது.

"டீச்சர் எழுதினா சரியாத்தான் இருக்கும். எங்க போடணும்?" என்று கேட்டு, நான் விரல் வைத்த இடத்தில் எழுத்தெழுத்தாகப் போட்டார். "ஓடை நல்லாயிருந்தா எல்லாருக்கும் நல்லதுல்லா" என்றவர், தானாகவே தாளை வாங்கிக்கொண்டுபோய்ச் சானல்கரை ஆட்களிடமும் கையெழுத்து வாங்கி மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். நான் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

ஒரு மாதம் கழித்துப் பேரூராட்சி ஆபீசில் கூட்டம். பின்வரிசையில் அந்த அண்ணன் வெள்ளைவேட்டி கட்டி மனைவியோடு நின்றிருந்தார். இவருக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்தேன். பேரூராட்சி அதிகாரி பேச ஆரம்பித்த பிறகுதான் விளங்கியது. அந்த வீடுகள் சானல்கரைக் குடும்பங்களுக்குத்தான். பெயர்ப்பட்டியலை ஆபீஸ் வாசல் பலகையில் முன்பே ஒட்டியிருந்தார்களாம். மனுவைக் கொடுக்க வந்த அன்று அந்தப் பலகைக்குப் பக்கத்தில்தான் நான் குடையை மடக்கிக்கொண்டு நின்றேன். கேள்வியை முழுதாக வாசித்துவிட்டுப் பதில் எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் தொண்டை வலிக்கக் கத்துகிறவள், அந்தத் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெருக்காரங்க மட்டுமில்ல, வீடு கிடைக்க வேண்டியவங்களே திட்டம் வேண்டாம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க" என்று சொல்லி, அதிகாரி அந்த அண்ணனின் பெயரை வாசித்தார்.

அவர் ஒருகணம் விழித்தார். "அய்யா, அது ஓடைக்குப் போட்ட ஒப்புல்லா?"

"கையெழுத்து உங்களதுதானா?"

"என்னதுதான்... ஆனா வீடு வேண்டாம்னு நாங்க சொல்லலியே."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். டீச்சர் இப்போது எழுந்து விஷயத்தைச் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையோடு பார்த்தார். எனக்கு இந்தப் பக்கம் ஓய்வுபெற்ற அதிகாரி, அந்தப் பக்கம் எங்கள் தெரு முழுக்க. எழுந்து இரண்டு வார்த்தை பேசியிருந்தால் போதும். நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

திட்டம் கிடப்பில் போய்விட்டது. தெருவில் லட்டு கொடுத்தார்கள். 'எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான்' என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருப்பேன்! நான் கெடுத்தது ஏட்டை அல்ல, பதினைந்து குடும்பத்தின் கூரையை.

அந்த ஐப்பசியில் மழை பிடித்தபோது சானல் கரைபுரண்டு தகர வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். அவர்களை எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் தங்கவைத்தார்கள். என் வகுப்பறைப் பெஞ்சில் அந்த அண்ணனின் மனைவி நனைந்த ரேஷன் கார்டை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க டீச்சர்" என்று இடம் ஒதுக்கினார். நான் உட்காரவில்லை. வெளியே போய்ச் சுவரோரம் நின்று அழுதேன்.

மழை விட்டதும் வேறொரு மனு எழுதினேன். ஓடைக்குக் கரைகட்டி, அதே நிலத்தில் அதே வீடுகளைக் கட்டித்தர வேண்டும் என்று. முந்திய மனுவில் சானல்கரைக்காரர்கள் விவரம் தெரியாமல் கையெழுத்திட்டது என்னால்தான் என்பதையும் எழுதினேன். எங்கள் தெருவில் இரண்டே பேர்தான் கையெழுத்துப் போட்டார்கள். பக்கத்து வீட்டு அதிகாரி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

அடுத்த தேங்காய் வெட்டுக்கு அந்த அண்ணன் வந்தபோது மனுவை நீட்டி, "என்னை மன்னிக்கணும் அண்ணாச்சி" என்றேன்.

"அது போட்டும் டீச்சர்" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். தாளில் வைக்கப்போனவர் அப்படியே நிறுத்தினார்.

"டீச்சர் ஒண்ணும் நெனைக்கப்பிடாது. ஒருதடவ வாசிச்சுச் சொல்லுங்க."

வாசித்தேன். வரிக்கு வரி விரல் வைத்துக் காட்டினேன். முடிந்தது என்று தாளை மடிக்கப்போனேன்.

"அந்த அடியில நாலு வரி கெடக்கே, அதையும் வாசிச்சிருங்க."

அது நாள், இடம், இப்படிக்கு என்கிற வரிகள்தான். அதையும் வாசித்தேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

அந்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. என்றைக்காவது வீடு வந்தாலும் வரும், ஆனால் "டீச்சர் எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்ற அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து இனி நான் கேட்கப்போவதில்லை என்பது, ஒவ்வொரு தேங்காய் வெட்டன்றும் என்னைச் சுடுகிறது.